பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை



வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும் அதன் எதிர்காலத்தை நாம் எழுதத் தொடங்கிவிடுகிறோம். காதில் பாங்கு சொல்லி முடித்த கையோடு, "இவன் ஹாஃபிழாக வேண்டும்" என்கிறார் நன்னா. "டாக்டராக வேண்டும்" என்கிறார் தந்தை. "முதலில் என்னை உம்மா என்று கூப்பிடட்டும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறாள் தாய். இந்த ஆசைகளில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் இரண்டு வயதாகியும் அந்த ஒரு சொல் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. பொம்மைக் காரை ஓட்டி விளையாடாமல், அதைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொல்கிறார்கள். இறுதியில் ஒருநாள் மருத்துவர் ஒரு தாளில் ஒரு சொல்லை எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சொல் 'ஆட்டிசம்'.

அந்தத் தாளைக் கையில் வாங்கிய பெற்றோரைப் பற்றித்தான் இம்மாதம் பேச விரும்புகிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இல்லாதிருக்கலாம். ஆனால் உங்கள் தெருவில், உங்கள் மஹல்லாவில் நிச்சயமாக இருக்கும். ஆகவே இது நம் எல்லோருக்குமான பேச்சு.

அந்தச் சொல்லின் பொருள் என்ன?

ஆட்டிசத்தைத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அறிவு இறுகிவிட்டது என்ற தவறான எண்ணத்தை அது தந்துவிடுவதால், மருத்துவர்கள் சொல்லும் சொல்லையே நாமும் வைத்துக்கொள்வோம். இது தொற்றும் நோயன்று, பைத்தியமும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பிறரோடு பழகுதல், பேச்சாலும் சைகையாலும் கருத்தைப் பரிமாறுதல் ஆகியவற்றில் இந்தக் குழந்தைகளுக்குச் சிரமம் இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதில் ஆறுதல் காண்பார்கள். மிக்ஸி ஓடும் சத்தம், சட்டைக் காலரின் உரசல், குழல் விளக்கின் ஒளி போன்று நாம் பொருட்படுத்தாதவை சிலருக்குத் தாங்க முடியாத துன்பமாக இருக்கும்.

சில அடையாளங்களைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாதிருத்தல், ஒன்றரை வயதாகியும் 'அதோ பார்' என்று விரல் நீட்டிக் காட்டாதிருத்தல், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதிருத்தல், பேசிய சொற்களையும் இழந்துவிடுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். ஆகவே செவித்திறன் சோதனையை முதலில் செய்துவிட வேண்டும். ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பயிற்சி பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ குழந்தையை நெடுநேரம் கவனித்து, பெற்றோரிடம் விரிவாக விசாரித்துத்தான் முடிவு சொல்வார்.

அழுவது பொறுமைக்கு எதிரானதா?

முடிவு தெரிந்த அன்று பெற்றோர் அழுகிறார்கள். உடனே நம்மவர்கள், "ஸப்ர் செய்யுங்கள், அழாதீர்கள்" என்று வாயடைத்துவிடுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்கிறோம் என்றாலும் அது சரிதானா என்று சிந்தித்துப் பாருங்கள். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் போற்றும் நபி யஃகூப் (அலை) அவர்கள், மகன் யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப் போகும்வரை கலங்கினார்கள் என்பதைத் திருக்குர்ஆன் நமக்கு அறிவிக்கிறது. அந்தக் கண்ணீரை இறைவன் குறையாகக் கூறவில்லை. அவர்கள் தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். நம்பிக்கை இழக்காமல் தம் மக்களைத் தேடி வரவும் அனுப்பினார்கள். ஆகவே கண்ணீரும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் இருக்கக் கூடியவையே. தேடுவதை நிறுத்திவிடுவதுதான் பொறுமையைக் கெடுக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1993-ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாடு ஒன்றில் ஜிம் சின்க்ளேர் என்பவர் பெற்றோர்களை நோக்கிப் பேசினார். அவரே ஆட்டிசம் உடையவர். பெற்றோரின் துக்கத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துக்கம் எதற்கானது என்று பிரித்துக் காட்டினார். நீங்கள் எதிர்பார்த்திருந்த, மனத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு குழந்தைக்காக நீங்கள் அழுகிறீர்கள். அந்தத் துக்கத்தை உயிரோடு உங்கள் முன் நிற்கும் குழந்தையின் மீது இறக்கி வைக்காதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பெற்றவர்கள் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடுவதை எந்தக் குழந்தைதான் உணராது?

யார் செய்த குற்றம்?

அழுகைக்கு அடுத்தபடியாக வருவது விசாரணை. பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவள் தாய்தான். கர்ப்பகாலத்தில் கிரகணத்தன்று வெளியே போனாளாம். மஃக்ரிபு வேளையில் மொட்டை மாடியில் நின்றாளாம். பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்காமல் கைப்பேசியைக் கொடுத்தாளாம். இந்தப் பழி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. படித்த மேலை நாடுகளும் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தன. அன்பில்லாத, குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்மார்களே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று அமெரிக்காவில் பல்லாண்டுகள் சொல்லப்பட்டது. புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதை ஒரு நூலாகவே எழுதிப் புகழ் பெற்றார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு இரவுகளைக் கழித்திருப்பார்கள்!

அந்தப் பழியை முதலில் உடைத்தவர்களுள் ஒருவர் ஒரு தந்தை என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் தம் மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்ததும், கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, இதன் வேர் உடலமைப்பில்தான் இருக்கிறது, தாயின் அன்புக் குறைவில் இல்லை என்று 1964-இல் நூல் எழுதி வாதிட்டார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 இணைகளுள் ஒன்றில்கூட இருவருக்கும் சேர்ந்து இல்லை. மரபுக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மேலும் உறுதிப்படுத்தின.

தடுப்பூசியால் வந்தது என்ற பேச்சையும் இங்கே முடித்துவிடுவோம். 1998-இல் வெறும் 12 குழந்தைகளைக் காட்டி அந்த ஐயத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவரது பெயரும் அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றே காட்டியது. இளைய பிள்ளைக்குத் தடுப்பூசி போடாமல் நிறுத்திவிட்டால் ஆட்டிசம் தடுக்கப்படாது, தட்டம்மைதான் வரும்.

தண்ணீர் ஓதிக் கேட்ட தாய்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பாடம் நடத்தும் மதரஸாவுக்கு ஒரு தாய் தம் மூன்று வயது மகனுடன் வந்தார். கையில் ஒரு புட்டி தண்ணீர். "ஹஜரத், இதில் ஓதித் தாங்க. புள்ளை வாய் திறந்து பேசணும்" என்றார். துஆ ஓதிக் கொடுத்தேன். பிறகு, "டாக்டரிடம் காட்டினீர்களாம்மா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து போயிருந்தது. இரண்டு மாதமாக அதை வைத்திருக்கிறார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் கணவரிடம் சொல்லவில்லை. "அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை ஹஜரத். என் வளர்ப்புல குறைன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார்.

அவர் அனுமதியுடன் நான் அந்தக் கணவரிடம் தொலைபேசியில் பேசினேன். "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம் ஹஜரத். நானே நாலு வயசுலதான் பேசினேன்" என்று சிரித்தே முடித்துவிட்டார். அடுத்து விடுமுறையில் ஊர் வந்தபோது, மகனின் முதுகுக்குப் பின்னால் நின்று பத்து முறை பெயர் சொல்லி அழைத்திருக்கிறார், பிள்ளை அசையவில்லை. அடுத்த அறையில் யாரோ பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த சிறு சத்தத்துக்கு அவன் எழுந்து ஓடியிருக்கிறான். காது நன்றாகக் கேட்கிறது. தன் பெயர்தான் அவனுக்குச் செய்தியாகச் சேரவில்லை என்பது அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அன்று அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே அமர்ந்து அழுதார். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து, "இப்ப நான் என்ன செய்யணும் ஹஜரத்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் அந்தப் பிள்ளைக்கு நல்ல காலம் தொடங்கியது. இன்றும் அவன் சில சொற்களே பேசுகிறான். வேண்டியதைப் படங்களைத் தொட்டுக் காட்டுகிறான். தந்தை ஊரில் இருக்கும் ஜும்ஆக்களில் கடைசி ஸஃப்பின் ஓரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

துஆ கேட்பது நம் கடமை. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் துஆவின் பெயரால் மாதங்களை இழப்பதும், ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சிறுபிள்ளையை அடிப்பவர்களிடமும் புகை போடுபவர்களிடமும் கொண்டுபோய் விடுவதும் அநியாயம். அதே போல, மருத்துவத்தின் பெயரால் 'முழுமையாகக் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றுகிறோம் என்று ஏற்றிய மருந்தால் 2005-இல் அமெரிக்காவில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். லட்சக்கணக்கில் செலவாகும் குருத்தணுச் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறி வாரியம் 2022-இல் அறிவித்தது. நகையை அடகு வைக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஓர் ஊர் வளர்த்த மனிதர்

ஆட்டிசம் என்ற பெயரோடு மருத்துவ நூலில் பதிவான முதல் குழந்தையின் வரலாறு நமக்குப் பாடமானது. டொனால்ட் டிரிப்லெட், 1933-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். நான்கு வயது நிறையும் முன்பே, டாக்டர்களின் யோசனைப்படி, அவரை ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். அக்காலத்தில் அதுதான் வழக்கம். விட்டுவிட்டு மறந்துவிடச் சொல்வார்கள். ஆனால் பெற்றோரால் மறக்க முடியவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, 1938-இல் மகனை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டனர். வழக்கறிஞரான தந்தை, மகனைப் பற்றித் தாம் கவனித்தவற்றையெல்லாம் 33 பக்கக் கடிதமாக எழுதி பால்டிமோர் நகர மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். 1943-இல் கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்றவர் டொனால்டுதான்.

பின்னாளில் அவர் கல்லூரியில் பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் போய் வந்தார். 2023-இல் தம் 89-ஆம் வயதில் அதே ஊரில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு, 'நம் பிள்ளையும் இப்படி ஆகிவிடும்' என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அவர் குடும்பம் வசதியானது. அந்த வங்கியே தாய்வழிக் குடும்பத்தாருடையது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் கடைசிவரை பேசாமலே இருப்பார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது டொனால்டின் திறமையை அன்று, அவருடைய ஊரை. அந்த ஊர் மக்கள் அவருடைய விசித்திரமான பழக்கங்களைக் கேலி செய்யவில்லை. 'இவர் இப்படித்தான்' என்று ஏற்றுக்கொண்டார்கள். அவருக்குத் தீங்கு செய்ய வந்தால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம் என்று, அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களையே எச்சரித்தார்கள். நம் மஹல்லாக்கள் அப்படி இருக்கின்றனவா?

பள்ளிவாசலும் மதரஸாவும்

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் திருமண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிவாசலுக்குப் பிள்ளையை அழைத்து வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள். காரணம், நம்முடைய பார்வை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பதை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அந்தக் குழந்தையை வெளியேற்றச் சொல்லவில்லை, தொழுகையைத்தான் சுருக்கினார்கள். பள்ளியில் சத்தமிடும் பிள்ளையைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வார்த்தை. முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஓதும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை அடங்காதவன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட ஒரு மாணவனை நான் வாசலுக்கு அருகில் அமர வைத்து, மற்றவர்கள் வருமுன் பத்து நிமிடம் தனியாக ஓதிக் கொடுக்கிறேன். முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே வரிசை. அலிஃபிலிருந்து தொடங்க ஐந்து மாதமாயிற்று. அவனுக்குப் பிரம்பு தேவைப்படவில்லை, ஒழுங்கு தேவைப்பட்டது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, காலம் தாழ்த்தாதீர்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல் பயிற்சி, விளையாட்டு வழிப் பயிற்சி ஆகியவற்றை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளது.

இரண்டாவது, சான்றிதழ் வாங்க வெட்கப்படாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இருந்தால்தான் உதவிகள் கிடைக்கும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்ற பெயரில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு உண்டு. பிள்ளைக்கு 18 வயதானபின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 'எங்களுக்குப் பின் யார்?' என்று பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு, விடையின் ஒரு பகுதியாவது இதில் இருக்கிறது.

மூன்றாவது, தாயை மட்டும் சுமக்க விடாதீர்கள். தந்தை வளைகுடாவில் இருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் காணொளியில் வந்து பிள்ளைக்குப் பிடித்த ஒரே விளையாட்டை விளையாடலாம். மாமியார், நாத்தனார் யாராவது வாரத்தில் ஒருநாள் மாலை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்தத் தாய் நிம்மதியாகத் தொழுது சற்றுக் கண்ணயர்வாள். மற்றப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். தம்பிக்கு என்ன என்பதை அக்காவுக்கு அவள் வயதுக்கேற்ற சொற்களில் சொல்லிவிடுங்கள்; அவளுக்கென்றும் உங்கள் நேரத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

இறுதியாக, அந்தத் தாளை அண்மையில் கையில் வாங்கிய சகோதரிக்கும் சகோதரருக்கும் சொல்லிக்கொள்கிறேன். மருத்துவர் அந்தச் சொல்லை எழுதுவதற்கு முந்தைய நாள் உங்கள் மடியில் உறங்கிய அதே குழந்தைதான் இன்றும் உறங்குகிறது. அதற்குப் பிடித்த பாத்திரமும், அது கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியும், அதன் சிரிப்பும் மாறவில்லை. மாறியிருப்பது நீங்கள் அறிந்திருக்கும் செய்தி மட்டுமே. அந்தச் செய்தி இனி உங்களுக்கு வழி காட்டட்டும். நாளைக் காலை செவித்திறன் சோதனைக்கும் பயிற்சி மையத்துக்கும் தேதி கேளுங்கள். இன்றிரவு அழ வேண்டுமென்றால் தஹஜ்ஜுத் வேளையில் இறைவனிடம் அழுதுவிடுங்கள்.

வஸ்ஸலாம்.